கெல்ட்டியர் வழிபாடு: கண்காட்சி மேசைக்கு எது சரி, எது கட்டுக்கதை? கோலினி நாட்காட்டி மாதிரி செய்வது எப்படி?

பனிமூட்டம் எழுதியது:

வணக்கம். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கிற பிள்ளைகள் ஹட்டன் பக்கத்தில் ஒருநாள் கண்காட்சி வைக்கிறார்கள். யூலியஸ் சீசர் இன்றைய பிரான்சுப் பக்கம் போய்ச் சண்டை போட்ட கல்லியர், பொதுவாகச் சொன்னால் கெல்ட்டியர், எதைக் கும்பிட்டார்கள், எப்படிக் கும்பிட்டார்கள் என்று அதில் ஒரு மேசை. எட்டடி நீளம், பின்னால் ஒரு சுவர். இடம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் இணையத்தில் இருந்து அள்ளி வந்ததைப் பார்த்தால் பாதி நம்பும்படி இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைக் கட்டியது கெல்ட்டியரின் ட்ரூயிட் பூசாரிகளாம். சவின் என்பது மரணக் கடவுளின் பெயராம். வருடத்துக்கு 13 மாதம், மாதத்துக்கு ஒரு மரமாம். பிரம்பில் பெரிய ஆள் உருவம் பின்னி, உள்ளே மனிதர்களை அடைத்து எரித்தார்களாம். புல்லுருவியைத் தங்க அரிவாளால் அறுத்தார்களாம். சுவருக்குப் பின்னல் கோல அலங்காரம் வேறு அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, மேலே உள்ளதில் எதை வைக்கலாம், எதைக் கழிக்க வேண்டும். இரண்டு, கல்லியரின் கோலினி வெண்கல நாட்காட்டியை மாதிரியாகச் செய்ய ஆசை. அளவு, மாதக் கணக்கு, நாளுக்கு ஒன்றாக முளைக்குச்சி சொருகும் துளைகளின் கணக்கு வேண்டும். மூன்று, "நம்மிடமும் உண்டு" என்று ஒரு ஒப்பீட்டுப் பலகை வைக்கலாமா?

---

ஏடுபுரட்டி எழுதியது:

டீச்சர், முதலில் பிள்ளைகளிடம் மூன்று பெட்டி வைக்கச் சொல்லுங்க. கெல்ட்டியரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் மூன்று வேறு இடத்தில் இருந்து வருகிறது. கிரேக்கரும் ரோமரும் வெளியில் இருந்து பார்த்து எழுதியது ஒரு பெட்டி. மண்ணிலும் தண்ணீரிலும் கிடைத்த பொருள், கல்வெட்டு எல்லாம் இரண்டாவது. அயர்லாந்தில் கிறிஸ்தவத் துறவிகள் எழுதி வைத்த பழங்கதைகள் மூன்றாவது. சீசர் எழுதியது கி.மு. 1ஆம் நூற்றாண்டில். அயர்லாந்து ஏடுகள் பெரும்பாலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. இடையில் எண்ணூறு வருடத்துக்கு மேல், ஒரு கடல், ஒரு மதமாற்றம். மூன்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டினால்தான் இணையத்தில் ஓடுகிற அந்தக் கலவை கிடைக்கும். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எந்தப் பெட்டி என்று ஒரு நிறப்பொட்டு ஒட்டிவிடுங்க, பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்டோன்ஹெஞ்சை எடுத்துவிடுங்க. அந்தப் பெரிய கற்கள் நின்றது கி.மு. 2500 அளவில். ட்ரூயிட் என்ற பெயரே அதற்கு ஈராயிரம் வருடம் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பழம்பொருள் ஆர்வலர்கள். 13 மர மாதம் அதைவிடப் புதுசு. 1948இல் ஓர் ஆங்கிலக் கவிஞர் கற்பனையாகக் கட்டியது. பழைய நாட்காட்டி உங்கள் மேசையிலேயே இருக்கப் போகிறது, அதில் ஒரு மரமும் கிடையாது. பின்னல் கோலமும் காலம் பிந்தியது. கெல்ஸ் சுவிசேஷ ஏடு போன்ற கிறிஸ்தவக் கையெழுத்துச் சுவடிகளின் அலங்காரம் அது, கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு. ட்ரூயிட் காலத்துக்கு வேண்டுமென்றால் லா தேன் பாணி: கொடி சுருள்வது மாதிரி வளைவுகள், மூன்று கை சுழலும் சக்கரம். காம்பஸ் வைத்து வரைந்த வளைவுதான் அதன் அடையாளம். பிள்ளைகளே போடலாம்.

சவின் கடவுள் இல்லை, நாள். நவம்பர் 1, ஆனால் நாள் பொழுது சாயும்போதே தொடங்கும் என்பதால் அக்டோபர் 31 இரவே ஆரம்பம். அயர்லாந்து ஏடுகளில் வருடத்துக்கு நான்கு வாசல்: சவின், பெப்ரவரி 1 இம்பொல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. அந்தப் பெயரில் மரணக் கடவுள் ஒருவர் எந்தப் பழைய கதையிலும் இல்லை. பெல்டேனுக்கு மட்டும் ஒரு தெளிவான சடங்குக் குறிப்பு கிடைக்கிறது: இரண்டு தீ மூட்டி, நோய் வராமல் இருக்க மாடுகளை நடுவால் ஓட்டுவது. கி.பி. 900 அளவில் எழுதிய ஒரு சொற்களஞ்சியத்தில் வருகிறது. எனவே இது மூன்றாம் பெட்டி, அயர்லாந்து. சீசர் பார்த்த கல்லியரிடம் இதே நான்கு நாளும் இருந்தன என்று எழுத வேண்டாம்.

பிரம்பு உருவம்: சீசரும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் சொல்கிறார்கள். இருவருமே பொசிடோனியஸ் என்ற கிரேக்கரின் தொலைந்துபோன நூலைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்பதால் இரண்டு சாட்சி என்று எண்ணக்கூடாது. மண்ணில் ஒரு தடயமும் இல்லை. பிள்ளைகள் அச்சடித்து வைத்திருக்கிற படம் 1676இல் வந்த ஓர் ஆங்கில நூலின் செதுக்கல் படத்தில் இருந்து பரவிய வடிவமாகத்தான் இருக்கும். வைப்பதாக இருந்தால் "ரோமர் சொன்னது" என்று போட்டு வைக்கலாம். சீசர் அந்த நாட்டைப் பிடிக்கப் போனவர், அங்கிருந்தவர்களைக் காட்டுமிராண்டி என்று காட்டுவதில் அவருக்கு லாபம் இருந்தது. இந்த ஒரு வரியையும் கூடவே எழுதச் சொல்லுங்க, பரீட்சைக்கும் உதவும்.

சீசரிடம் இருந்து எடுக்க வேண்டியது வேறு. ட்ரூயிட்டுகளுக்குப் போரும் இல்லை, வரியும் இல்லை. சிலர் 20 வருடம் வரை படிப்பார்கள், எல்லாம் மனப்பாடம். எழுத்துத் தெரியாமல் இல்லை. கணக்கு வழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்கள், சமயப் பாடத்தை மட்டும் எழுதக்கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை கர்னூட்டர் என்ற கல்லிய இனத்தாரின் நாட்டில் கூடி வழக்குத் தீர்ப்பார்கள். தீர்ப்பை மீறுகிறவனுக்குப் பெரிய தண்டனை பலியிடும் இடத்துக்கு வராதே என்பதுதான். அதன் பிறகு அவனோடு யாரும் பேசமாட்டார்கள், அவன் வழக்கை எடுக்கமாட்டார்கள். ஊர்த்தள்ளி வைப்பது என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை.

உயிர் அழியாது, ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போகும் என்பது அவர்கள் பாடத்தின் நடு. சாவுக்கு அஞ்சாமல் சண்டை போட அதுதான் காரணம் என்கிறார் சீசர். மறு உலகத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் கொடுத்து வாங்கினார்கள் என்று வேறு இரண்டு ரோமர்கள் எழுதியிருக்கிறார்கள். மேசைக்கு முன்னால் ஆட்களை நிறுத்த அந்த ஒரு அட்டை போதும்.

புல்லுருவிக்கு வருகிறேன். இதைச் சொல்வது பிளினி என்ற ரோமர் ஒருவர்தான், கி.பி. 1ஆம் நூற்றாண்டு. வரிசை இப்படி. ஓக் மரத்தில் முளைத்த புல்லுருவியாக இருக்க வேண்டும். அது அபூர்வம் என்று அவரே சொல்கிறார். பிறை ஆறாம் நாள் பார்க்க வேண்டும். மரத்தடியில் விருந்தும் பலியும் ஆயத்தம். இதுவரை கொம்பில் கயிறு ஏறாத வெள்ளைக் காளை இரண்டு. வெள்ளை உடுத்த பூசாரி மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் அறுப்பார், கீழே இருப்பவர்கள் வெள்ளை மேலாடையில் ஏந்துவார்கள். பிறகு காளைகளைப் பலி கொடுப்பார்கள். அதில் செய்த பானம் மலட்டுக் கால்நடைக்குச் சினை தரும், நஞ்சுக்கு மருந்து என்று நம்பினார்கள். சுத்தத் தங்கத்துக்கு முனை நிற்காது, கிளை அறுபடாது. அதனால் முலாம் பூசிய வெண்கலமாக இருக்கலாம் என்பது பலர் கருத்து.

மாதிரி செய்யும்போது இரண்டு பிழை வரும். தோட்டத்தில் தேயிலைக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் இலையைப் பறித்து ஒட்டிவிடாதீங்க. பெயரில்தான் ஓக், அது அவுஸ்திரேலிய மரம், வேறு குடும்பம். உண்மையான ஓக் இலைக்கு விளிம்பு உருண்டு உருண்டு மடிந்திருக்கும். அடுத்தது, நம் மரங்களில் தொற்றுகிற புல்லுருவிகள் பலவற்றுக்குச் சிவந்த குழல் பூ வரும். ஐரோப்பிய வகை மஞ்சள் கலந்த பச்சை, இலை இரண்டு இரண்டாக, பழம் முத்து மாதிரி வெள்ளை. காகிதத்தில் வெட்டிச் செய்வதே நல்லது. "ட்ரூயிட் பானம்" என்று எதையும் காய்ச்சி மேசையில் வைக்க விடவேண்டாம், அந்தச் செடி நஞ்சு.

---

துளைக்கணக்கு எழுதியது:

நாட்காட்டியைப் பற்றி நான் சொல்கிறேன்.

1897இல் பிரான்சின் கோலினியில் உடைந்த வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்தது, ஒரு கடவுள் சிலையின் துண்டுகளோடு கலந்து. நாட்காட்டித் துண்டு 73. இப்போது லியோன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. எழுத்து ரோம எழுத்து, மொழி கல்லிய மொழி. முழுப்பலகை சுமார் 148 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், 16 நிரல். ஐந்து வருடம் மொத்தமும் அதில் அடக்கம்: 60 சாதாரண மாதம், 2 மிகை மாதம், ஆக 62.

மிகை மாதம் ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நம் கலண்டரே போதும். போயாக்கு போயா, அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணினால் 12 மாதத்துக்கு 354 நாள்தான் வரும், சூரிய வருடத்துக்கு 11 நாள் குறை. இரண்டரை வருடத்தில் 27 நாள் சேர்ந்துவிடும். அதனால்தான் இங்கே அதி போயா வருகிறது. அவர்களும் இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை 30 நாள் மாதம் ஒன்றைச் செருகினார்கள்: முதலாம் வருடத் தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் வருட நடுவில் ஒன்று.

மாதங்கள் வரிசையாக, நாளோடு: சமோனி 30, துமன்னி 29, ரிவ்ரோஸ் 30, அனகாந்தியோ 29, ஒக்ரொன்னி 30, குதியோஸ் 30, கியமோனி 29, சிமிவிசொன்னா 30, எக்குவோஸ் 30, எலெம்பிவ் 29, எத்ரினி 30, கந்த்லோஸ் 29. கூட்டினால் 355. முப்பது நாள் மாதத்துக்கு "மாத்" என்று குறி, 29 நாள் மாதத்துக்கு "அன்ம்". முதலாவதை நல்லது அல்லது நிறைந்தது என்றும், மற்றதை அதற்கு எதிர் என்றும் படிக்கிறார்கள். எக்குவோஸ் மட்டும் 30 நாள் இருந்தும் "அன்ம்" குறி வாங்கியிருக்கிறது. சில வருடத்தில் அதை 28ஆகக் குறைத்திருக்க வேண்டும் என்பது அதனால்தான். 2ஆம், 4ஆம் வருடத்தில் 28 என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு 1831 நாள். 62 சந்திர மாதத்தின் உண்மை நீளம் 1830.9 நாள். சும்மா விழுந்த கணக்கு இல்லை இது.

ஆனால் சூரியனோடு பார்த்தால் ஐந்து வருடத்துக்கு ஐந்து நாள் போல மிஞ்சும். முப்பது வருடத்தில் 29 நாள் போல, அதாவது கிட்டத்தட்ட ஒரு மாதம். 30 வருடத்துக்கு ஒரு தடவை மிகை மாதம் ஒன்றை விட்டுவிட்டால் பிசகு ஒன்றரை நாளுக்குள் வந்துவிடும். ட்ரூயிட்டுகளுக்கு 30 வருடம் ஒரு யுகம் என்று பிளினி சொல்வதோடு இதைச் சேர்த்துப் படிக்கிறார்கள். படிப்பது நியாயம்தான், ஆனால் பலகையில் அப்படி எழுதியில்லை.

இனி மாதிரி. முழுப்பலகை வேண்டாம், பிள்ளைகளுக்குக் கை ஓய்ந்துவிடும். முதல் நான்கு நிரலை உண்மை அளவில் செய்யுங்க. ஒரு நிரல் சுமார் 9 செ.மீ., நான்குக்கு 36 செ.மீ.; உயரம் 90. ஒவ்வொரு நிரலிலும் நான்கு மாதத்துக்கு இடம். மிகை மாதம் மட்டும் இரண்டு மாத இடத்தைப் பிடிக்கும். எனவே முதல் நிரல்: மிகை மாதம், சமோனி, துமன்னி. இரண்டாவது: ரிவ்ரோஸ் முதல் குதியோஸ் வரை. மூன்றாவது: கியமோனி முதல் எலெம்பிவ் வரை. நாலாவது: எத்ரினி, கந்த்லோஸ், பிறகு இரண்டாம் வருடத்துச் சமோனி, துமன்னி. துளைகள் முறையே 89, 119, 118, 118. மொத்தம் 444. துளை போட்டு முடித்ததும் எண்ணிப் பாருங்க, 444 வராவிட்டால் ஏதோ ஒரு 29 நாள் மாதத்தில் துளை கூடியிருக்கும்.

ஒவ்வொரு மாதமும் இரண்டு பாதி. தலைப்பு வரி, 1 முதல் 15 வரை, நடுவில் "அதெனு" என்று ஒரு வரி, மறுபடி 1 முதல் 14 அல்லது 15 வரை. நாம் வளர்பிறை தேய்பிறை என்று பிரிக்கிறது மாதிரி, எண்ணிக்கையும் பாதியில் திரும்ப ஒன்றில் இருந்து தொடங்குகிறது. ஒரு மாதத்துக்கு 32 வரி, நான்கு மாதத்துக்கு 128. உயரம் 90 செ.மீ. என்றால் வரிக்கு வரி 7 மி.மீ. ஒவ்வொரு நாள் வரியிலும் முதலில் துளை, அடுத்து ரோம எண், அடுத்து நாளின் குறி.

பிசகும் இடம் இதுதான்: முந்தின துளையில் இருந்து 7 மி.மீ., அதில் இருந்து 7 மி.மீ. என்று அளந்துகொண்டே போகக்கூடாது. ஒவ்வொன்றிலும் கால் மி.மீ. தப்பினால் கடைசி வரிக்கு வரும்போது மூன்று செ.மீ. கீழே போய்விடும். மேல் விளிம்பில் இருந்து கீழ்நோக்கி நீளமான அடிமட்டத்தை வைத்து 7, 14, 21 என்று ஒரே மூச்சில் குறிக்க வேண்டும்.

வெறும் ரெஜிபோமில் துளை போட்டால் நாலு பேர் குச்சியைச் சொருகி எடுத்ததும் வாய் பிளந்துவிடும். மேலே 3 மி.மீ. ஹாட்போட், பின்னால் ஓர் அங்குல ரெஜிபோம். ஹாட்போட்டில் 2 மி.மீ. ட்ரில், ரெஜிபோம் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அச்சடித்த தாளை முதலில் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் முன்பக்கமிருந்து துளையுங்க. பின்னால் இருந்து துளைத்தால் தாள் கிழிந்து பூப்பூவாக எழும்பும். மாப்பசை வேண்டாம், நம் பனிக்கு ஒரே இரவில் ஈரம் குடித்துக் கொப்புளிக்கும். பைண்டர் கம் நல்லது. முளைக்குத் தென்னை ஈர்க்கு, ஒரே தடிப்பில் பொறுக்கியது.

சமோனி மாதத்து இரண்டாம் பாதியில் 2ஆம் நாளுக்கு நேரே, அதாவது 17ஆம் நாள், "சமோனியின் மூன்று இரவு" என்ற குறிப்பு வரும். பலகையில் திருவிழா மாதிரி தெரிகிற இடம் அதுதான், அங்கே சிவப்பு முளை வையுங்க. சவினும் இதுவும் ஒன்றே என்று பலர் எழுதுகிறார்கள். "சமோ" என்றால் கல்லிய மொழியில் கோடை. அயர்லாந்துச் சவின் வருவதோ குளிர் தொடங்கும்போது. இதனால் சமோனி கோடை மாதமா குளிர் மாதமா என்பதே அறிஞர்களிடையே தீராத வழக்கு. மாதம் அமாவாசையில் தொடங்குமா, பிறை ஆறிலா என்பதும் அப்படித்தான். ஆகவே மாதங்களுக்குப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி என்று எழுதிவிடாதீங்க.

---

பனிமூட்டம் எழுதியது:

இருவருக்கும் நன்றி சேர். கை கால் உருவங்களை ஊற்றில் போட்டார்கள், வாளை வளைத்துத் தண்ணீரில் எறிந்தார்கள் என்று ஒரு பிள்ளை குறித்து வைத்திருக்கிறது. தலை வெட்டி வீட்டில் தொங்கவிட்டதும் இருக்கிறது. இவை எந்தப் பெட்டி?

---

ஊவாக்காற்று எழுதியது:

இரண்டாம் பெட்டி, மூன்றிலும் பலமானது அதுதான். மேசையின் நடுவை இதற்கே கொடுக்கலாம்.

ஊற்றில் கிடைத்த உருவங்கள்: பிரான்சில் செய்ன் ஆறு பிறக்கும் இடத்தில் செக்குவானா என்ற ஆற்றுத் தெய்வத்துக்கு வைத்தவை, 1963இல் மரத்தில் செய்தவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அடுத்து அதே நாட்டில் ஷமாலியேர் ஊற்று, அங்கே ஆயிரக்கணக்கு. கால், கை, தலை, கண், முழு ஆள். ஷமாலியேரில் பெரும்பாலும் பீச் மரம். நீர் ஊறிய மண்ணில் காற்றுப் படாமல் கிடந்ததால்தான் இரண்டாயிரம் வருடம் உக்காமல் இருந்தது, காய்ந்த இடத்தில் இருந்த இப்படியானவை எல்லாம் போயிருக்கும். கோயிலில் நேர்ந்துகொண்டு வெள்ளிக் கண்ணும் காலும் சாத்துகிறவர்களுக்கு இது புதுசில்லை. சோப்புக் கட்டியில் செதுக்கினால் பீச் மரத்தின் வெளிர் நிறம் வந்துவிடும், கத்தி வழுக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கரண்டி கொடுங்க. காலத்தை மறைக்காமல் எழுதுங்க: இவை ரோமர் பிடித்த பிறகு, கி.பி. 1ஆம் நூற்றாண்டை ஒட்டியவை.

ஷமாலியேரில் 1971இல் ஒரு சின்ன ஈயத்தகடும் கிடைத்தது. மப்போனோஸ் என்ற தெய்வத்தைக் கூப்பிட்டுக் கல்லிய மொழியில் எழுதியது. இங்கிலாந்தின் பாத் வெந்நீர் ஊற்றில் சூலிஸ் தெய்வத்துக்கு எழுதிப் போட்ட தகடுகள் சுமார் 130. பெரும்பாலும் திருட்டு முறைப்பாடு: என் மேலாடையை எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அவனை விடாதே என்ற மாதிரி. காசு வெட்டிப் போடுவதும் தேங்காய் அடித்து முறையிடுவதும் தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். அலுமினியத் தாளை நான்காக மடித்து, முனை மழுங்கிய பேனையால் எழுதி, சுருட்டி வைத்தால் மாதிரி ஆயிற்று.

வாள்: வேல்ஸில் அங்கிள்சீ தீவு, லின் கெரிக் பாக் என்ற குட்டை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தளம் போடக் கரிச்சேறு தோண்டியபோது 1942, 43இல் வெளிவந்தது. 150க்கு மேற்பட்ட இரும்பு, வெண்கலப் பொருள்: வாள், ஈட்டி, தேர் உறுப்பு, அடிமைகளைக் கழுத்தோடு கோக்கும் சங்கிலி. அந்தச் சங்கிலி என்னவென்று தெரியாமல் சேற்றில் புதைந்த வண்டியை அதைக் கட்டி இழுத்திருக்கிறார்கள், அறவில்லை. அதே தீவில்தான் கி.பி. 60, 61 அளவில் ரோமப் படை ட்ரூயிட்டுகளின் தோப்புகளை வெட்டியது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்.

வளைத்ததற்குக் காரணம் எளிது: தெய்வத்துக்குக் கொடுத்ததை மனிதன் திரும்ப எடுக்கக்கூடாது. பிரான்சில் கூர்னே-சூர்-அரோந்து கோயிலில் இது படிப்படியாகத் தெரிகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, சுமார் 45க்கு 38 மீற்றர் அடைப்பு, சுற்றிலும் அகழி. ஆயுதங்களை முதலில் தொங்கவிட்டார்கள்; கட்டு உக்கி விழுந்தபின் வளைத்து உடைத்து அகழியில் போட்டார்கள், இரண்டாயிரத்துக்கு மேல். நடுவில் பெரிய குழி. மாட்டை அடித்து முழுசாக அதில் விட்டு, மாதக்கணக்கில் அழுகவிட்டு, பிறகு எலும்பை எடுத்து அகழியில் அடுக்கினார்கள். ஆடும் பன்றியும் மட்டும் ஆட்கள் சாப்பிட. அதாவது மாடு தெய்வத்தின் பங்கு, அதில் ஒரு துண்டும் யாரும் தொடவில்லை. கிடா வெட்டி எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுகிற நமக்கு இது விசித்திரம்தான்.

தலை: பகைவன் தலையை வெட்டி வாசலில் ஆணி அடித்தார்கள், பெரிய ஆட்களின் தலையை மரப்பிசின் எண்ணெயில் பதப்படுத்தி விருந்தாளிக்குக் காட்டினார்கள் என்று கிரேக்கர் எழுதினார்கள். கட்டுக்கதை என்று சிலர் ஒதுக்கினார்கள். தெற்கு பிரான்சின் லெ கெய்லாரில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டுகளை இரசாயனமாகச் சோதித்ததில் 2018இல் ஊசியிலை மரப் பிசினின் தடயம் வந்தது. முதல் பெட்டியும் இரண்டாம் பெட்டியும் ஒத்துப்போகிற அபூர்வ இடம், விட்டுவிடாதீங்க. பிளாஸ்டிக் மண்டையோடு மட்டும் வேண்டாம், வருகிற எல்லாரும் அதோடு படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

---

லயத்துத்திண்ணை எழுதியது:

ஒப்பீட்டுப் பலகை பற்றி யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஊவாக்காற்று அண்ணே இரண்டு இடத்தில் "நமக்குப் புதுசில்லை" என்று போட்டிருக்கிறார், இப்படித்தான் ஆரம்பிக்கும். பிளினியின் பிறை ஆறு வளர்பிறை சஷ்டி என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், அடுத்த நிமிஷம் முருகன் படம் சுவரில் ஏறும். பெல்டேன் தீ தீமிதி ஆகும். மரத்துக்கடியில் கும்பிட்டதால் ட்ரூயிட் முனியாண்டிக்கு அண்ணன் ஆகிவிடுவார். தோட்டத்தில் இயந்திரச் சக்கரத்துக்கு ரோதமுனியும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச் சாமியும் வந்தது இந்த மலையில், இந்த வேலையில் இருந்து. அதற்கு அயர்லாந்தில் வேர் தேட வேண்டியதில்லை.

---

ஏடுபுரட்டி எழுதியது:

தம்பி சொல்வது நியாயம், ஆனால் பலகையையே கழிக்க வேண்டாம். இரண்டு வகை ஒற்றுமையைப் பிரித்து வைத்தால் போதும். மொழி உறவு என்பது ஒன்று. ட்ரூயிட் என்ற சொல்லின் பின்பாதியும் வேதம் என்ற சொல்லும் அறிதல் என்ற ஒரே வேரில் இருந்து வந்தவை. கல்லிய மொழியும் சமஸ்கிருதமும் ஒரே பெரிய குடும்பம் என்பதால். தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. மற்றது, யார் யாரையும் பார்க்காமலே வருகிற ஒற்றுமை: பிறை பார்த்து மாதம் எண்ணினால் எந்த ஊரிலும் மிகை மாதம் வந்தே தீரும், கால் வலிக்கிறவன் எந்த ஊரிலும் காலைச் செய்து வைப்பான். வலம் வருவதை ஒரு அட்டையாக வைக்கலாம்: கெல்ட்டியர் தெய்வத்தை வணங்கும்போது வலப்பக்கம் திரும்புவார்கள் என்று பொசிடோனியஸ் சொன்னதாக அத்தேனியஸ் என்ற கிரேக்கர் எழுதுகிறார். பிளினியோ கல்லியர் இடப்பக்கம் திரும்பினார்கள் என்கிறார். இரண்டையும் போடுங்க, பிள்ளைகளே வாதாடட்டும்.

உண்மையான தொடர்பு ஒன்று வேண்டுமென்றால் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கினிகத்தேனைப் பக்கத்து அபர்டீன் நீர்வீழ்ச்சியின் பெயர் ஸ்கொட்லாந்து நகரத்தின் பெயர். "அபர்" என்றால் பழைய கெல்ட்டிய மொழியில் ஆறு சேரும் வாய். அந்த ஸ்கொட்லாந்து நகரத்தில் ஓடுகிற டொன் ஆற்றின் பழம்பெயர் தெவோனா, தெய்வப்பெண் என்று பொருள். பக்கத்து டீ ஆறும் தேவா, அதே பொருள்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தொலமி அந்தப் பெயர்களைக் குறித்திருக்கிறார். டிக்கோயாப் பக்கத்து டன்கெல்ட் தோட்டத்துப் பெயரில் "டன்" கோட்டை, மீதி கலிடோனியர் என்ற பழங்குடி. ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்தில் "ஸ்ட்ராத்" அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. துரைமார் கொண்டுவந்து ஒட்டிய பெயர்கள்தான், பக்தி ஒன்றும் கூட வரவில்லை. ஆனாலும் ஹட்டன் வரைபடம் ஒன்றை விரித்து அதில் ஊசி குத்தினால், எட்டடி மேசையில் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

---

பனிமூட்டம் எழுதியது:

வரைபடம் எடுத்தாகிவிட்டது. துளைக்கணக்கு சேர், கடைசியாக ஒன்று. 29 நாள் மாதத்தில் இரண்டாம் பாதியின் 15ஆம் வரி வெறுமையாக விடவா? விட்டால் அச்சுப் பிழை மாதிரித் தெரிகிறது.

---

துளைக்கணக்கு எழுதியது:

வெறுமையாக விடக்கூடாது டீச்சர். அந்த வரியில் "திவேர்தோமு" என்று இருக்கும், துளை மட்டும் கிடையாது. உங்கள் நான்கு நிரலில் அது ஆறு இடத்தில் வர வேண்டும்: துமன்னி இரண்டு தடவை, அனகாந்தியோ, கியமோனி, எலெம்பிவ், கந்த்லோஸ்.